மிச்சம் நாலு நானோடெஸ்லா

மார்ச் 2

குருவிக்கு,

உன் விலாசத்தை உன் அண்ணனிடம் கேட்டு வாங்கினேன். கொடுக்க அவர் மூன்று நாள் யோசித்தார். என் போன் எண்ணை நீ தடுத்து வைத்திருப்பதால் தபாலில் எழுதுகிறேன். அலுவலக மெயிலில் இதை எழுத விருப்பமில்லை. அதைப் பத்துப் பேர் படிப்பார்கள்.

நலம் விசாரிக்க எழுதவில்லை. ஏழு வருடம் கழித்து நான் நலம் விசாரித்தால் நீ நம்பவும் மாட்டாய். எனக்கு ஒரு தகவல் வேண்டும்.

நீ காந்தமானி பொருத்தின விண்கலம் இரண்டு வருடமாக அந்தப் பெரிய கிரகத்தைச் சுற்றி வருகிறது. அது அனுப்பும் அளவுகளை வைத்து, கிரகத்தைச் சுற்றியுள்ள காந்தப்புலத்துக்கு மாடல் போடுவது என் வேலை. காந்தமானி, கலத்திலிருந்து வெளியே நீளும் அந்தக் கையின் நுனியில் இருக்கிறது. அதற்கு ஒரு முழத்துக்கும் குறைவான தூரத்தில் கடைசிக் கீல். அந்தக் கீல் பற்றித்தான் கேள்வி.

1. கீலின் நாலு ஸ்க்ரூவையும் நீதான் போட்டாயா?
2. நாலும் டைட்டானியம்தானா?
3. நீ அங்கே வேலை செய்த கடைசி நாளன்று வேறு யாராவது அந்தக் கீலைத் தொட்டதைப் பார்த்தாயா?

செக்லிஸ்டில் நாலு கட்டத்திலும் உன் கையெழுத்து இருக்கிறது. இருந்தாலும் நீ எழுதிக் கொடுத்தால் நல்லது. ஏப்ரல் 20 அன்று குழுக் கூட்டம். அதற்கு முன் பதில் வேண்டும்.

அண்ணி


மார்ச் 9

அண்ணிக்கு,

பிரித்ததும் ஏதோ ஆபீஸ் நோட்டீஸ் என்றுதான் நினைத்தேன். நாத்தனாருக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டுக் கடிதம் எழுத உங்களால்தான் முடியும். கீழே முத்திரை குத்த மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது.

அன்று நடந்ததை உங்களுக்கு ஞாபகப்படுத்துகிறேன். கீலைக் கழற்றி ஒரு பழுது பார்த்து, திரும்பப் பொருத்திக்கொண்டிருந்தேன். காலை பதினொரு மணி. காந்தமானிப் பக்கம் இரும்பு எதுவும் வராமல் பார்க்கும் காந்தத் தூய்மைக்கு நீங்கள் பொறுப்பு. கையில் அந்தச் சோதனைக் குச்சியோடு வந்தீர்கள். எல்லாருடைய ஷூ, பெல்ட், மூக்குக்கண்ணாடி என்று தடவிக்கொண்டே வந்து, என் தலைக்கு நேரே வந்ததும் அது கத்தியது. தொப்பிக்குள் ஒரு ஹேர்பின். அத்தனை பேர் முன்னால், "வெளிய போ" என்றீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் ரிப்போர்ட் எழுதி முடித்துவிட்டீர்கள். பத்து நிமிடத்தில் நான் கேட்டுக்கு வெளியே நின்றேன்.

நான் இப்போது என்ன செய்கிறேன் என்று அண்ணன் சொல்லியிருப்பார். ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் மெஷினைப் பராமரிக்கிறேன். அதுவும் பெரிய காந்தம்தான். உள்ளே போகிற ஒவ்வொரு நோயாளியிடமும் தலையில் ஹேர்பின் இருக்கிறதா என்று கேட்பது என் அன்றாட வேலை. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

இதற்கிடையில் விண்கலப் பட்டறைகளில் மூன்று முறை இன்டர்வியூவுக்குப் போனேன். மூன்று முறையும் கைவேலையைச் சோதித்து, "நல்லா வேலை செய்றீங்க" என்று சொல்லிவிட்டு, ஃபைலைப் புரட்டி, "காந்தத் தூய்மை விதி மீறல்" என்ற உங்கள் வரியைப் படித்ததும் முகம் மாறியது. அதோடு சரி.

முதலில் அந்த வரியை எடுங்கள். அப்புறம் உங்கள் ஒன்று, இரண்டு, மூன்றுக்கு வருகிறேன்.

குருவி


மார்ச் 14

குருவிக்கு,

அந்த வரியை எடுக்க முடியாது. ஹேர்பின் இருந்தது. இருந்ததைத்தான் எழுதினேன். வேறு யார் தலையில் இருந்திருந்தாலும் எழுதியிருப்பேன். தம்பி மனைவி, தங்கை, நாத்தனார் என்றெல்லாம் பார்த்தால் அந்தக் குச்சியைக் கையில் பிடிக்கவே கூடாது.

ஆனால் நான் ஏன் கேட்கிறேன் என்று சொல்லாமல் கேட்டது தப்பு. சொல்கிறேன்.

என் மாடலில் இரண்டு பாகம். ஒன்று, கிரகத்துக்குள் சற்றுச் சாய்ந்து கிடக்கும் பெரிய காந்தம். இன்னொன்று, கிரகத்தைச் சுற்றிப் பரந்திருக்கும் மின்னோட்டத் தட்டு. பக்கத்து நிலா ஒன்று கக்கும் வாயு மின்னேறி, கிரகத்தோடு சேர்ந்து பத்து மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றுகிறது. அதுதான் தட்டு. இந்த இரண்டையும் கூட்டி, விண்கலம் அளந்ததிலிருந்து கழித்தால் மிச்சம் பூஜ்யம் வர வேண்டும். வரவில்லை. எங்கே போனாலும் நாலு நானோடெஸ்லா மிச்சம் நிற்கிறது. பூமியில் திசைகாட்டி முள்ளைத் திருப்புகிற புலம் ஐம்பதாயிரம். நாலு என்பது ஒன்றுமே இல்லை. ஆனால் கிரகத்திலிருந்து தள்ளிப் போனால் மொத்தப் புலமே பத்து, பன்னிரண்டுதான். அங்கே நாலு என்றால் மூன்றில் ஒரு பங்கு.

அந்த நாலுக்குக் காரணம் தேடிப் பதினான்கு மாதம் உட்கார்ந்தேன். கடைசியில், முதல் தட்டுக்கு வெளியே மெல்லிசாக இரண்டாவது தட்டு ஒன்று இருக்கிறது என்று வைத்துப் பார்த்தேன். மிச்சம் மறைந்தது. கட்டுரை வெளிவந்தது. எல்லாரும் கை கொடுத்தார்கள். அடுத்த விண்கலம் அந்த இரண்டாம் தட்டுக்குள் நுழைந்து போகும்படியே பாதை போட்டிருக்கிறார்கள். அந்தப் பாதையை முடிவு செய்யத்தான் ஏப்ரல் 20 கூட்டம்.

போன மாதம் ஒன்றைக் கவனித்தேன். அந்த நாலின் திசை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது. நம் விண்கலம் தன்னைத்தானே சுற்றிக்கொண்டே போகிறது. சுற்றும் அச்சு எப்போதும் பூமியைப் பார்த்திருக்கும், ஆண்டெனா அங்கே இருப்பதால். பூமி நகர நகர அச்சும் திரும்பும். அந்த நாலும் அதே கோணம்தான் திரும்பியிருக்கிறது. எங்கோ ஒரு கிரகத்தில் இருக்கும் தட்டு நம் வீட்டை எதற்குப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்?

விண்கலத்திலேயே ஏதாவது காந்தம் ஒட்டியிருந்தால் சாதாரணமாகக் கண்டுபிடித்துவிடலாம். விரித்த குடையைச் சுழற்றினால் கம்பிகள் சுற்றுவது தெரியும், கைப்பிடி சுற்றுவது தெரியாது. அந்த மாதிரி, அச்சுக்குக் குறுக்கே இருக்கும் காந்தம் கலத்தோடு சுற்றிக் காட்டிக்கொடுக்கும். அச்சின் திசையிலேயே இருந்தால் மட்டும் தெரியாது. அந்தக் கீலின் ஸ்க்ரூத் துளைகள் நாலும் அச்சின் திசையில்தான் இருக்கின்றன.

வழியில் ஒருமுறை கலத்தைக் கவிழ்த்துச் சரிபார்த்திருக்கலாம். எரிபொருளை மிச்சம் பிடிக்கிறேன் என்று விட்டுவிட்டார்கள். இப்போது கவிழ்க்க எரிபொருளும் இல்லை. கீலைத் திறந்து மூடியது, முழுக் கலத்துக்கும் காந்தச் சோதனை முடிந்த பிறகு. ஆகவே உன்னைத் தவிர கேட்க ஆள் இல்லை.

அண்ணி


மார்ச் 21

அண்ணிக்கு,

இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தால் பத்து நாளாவது மிச்சமாகியிருக்கும். மனுஷியிடம் பேசுவது போல எழுத உங்களுக்கும் வருகிறது.

பதில். மூன்று ஸ்க்ரூ போட்டேன். மூன்றும் டைட்டானியம், மூன்றையும் காந்தச் சோதனை செய்துதான் போட்டேன். நாலாவதைப் போடவில்லை.

கையெழுத்து எப்படி வந்தது என்று கேட்பீர்கள். கையுறை மாட்டிய பிறகு பேனாவைத் தொடக் கூடாது, தொட்டால் கையுறையை மாற்ற வேண்டும். நாலு ஸ்க்ரூவுக்கு நாலு முறை கையுறை மாற்றினால் விடிந்துவிடும். அதனால் அந்தப் பட்டறையில் எல்லாரும் முதலிலேயே எல்லாக் கட்டத்திலும் கையெழுத்தைப் போட்டுவிட்டு, அப்புறம்தான் கையுறை மாட்டுவோம். எல்லாரும் என்றால் எல்லாரும்தான். நீங்கள் காகிதத்தை மட்டும் பார்த்ததால் உங்களுக்குத் தெரியாது.

உங்கள் குச்சி கத்தியபோது நாலாவது ஸ்க்ரூ என் கையில் இருந்தது. பதற்றத்தில் கோட்டுப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வீட்டுக்குப் போய்க் கோட்டைக் கழற்றும்போதுதான் தெரிந்தது. அன்று சாயங்காலம் உங்களுக்கு இரண்டு முறை போன் செய்தேன். நீங்கள் எடுக்கவில்லை. அதற்கப்புறம்தான் உங்கள் எண்ணைத் தடுத்தேன். இதை அண்ணனிடமும் சொல்லுங்கள், அவர் நான் எடுத்த எடுப்பிலேயே தடுத்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

மறுநாள் ஆபீசுக்குக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். செய்யவில்லை. ஒரு துளை காலியாக இருப்பதைப் பார்த்து எல்லாரும் அலையட்டும் என்று இருந்துவிட்டேன். அது என் தப்புதான். அதை மென்று முழுங்கப் போவதில்லை.

இந்தக் கவரில் ஒரு துணிச் சுருளுக்குள் அந்த ஸ்க்ரூ இருக்கிறது. தலையில் தொகுதி எண் பொறித்திருக்கும், உங்கள் பதிவோடு ஒத்துப் பாருங்கள்.

இப்போது என் கேள்வி, ஒன்றே ஒன்று. நான் போகும்போது நாலாவது துளை காலி. காலித் துளையோடு கலத்தை அனுப்பியிருக்க மாட்டார்கள். அதில் எதையோ யாரோ போட்டிருக்கிறார்கள். யார்?

குருவி


மார்ச் 26

குருவிக்கு,

ஸ்க்ரூ வந்து சேர்ந்தது. தொகுதி எண் சரியாக இருக்கிறது.

நாலாவது துளையில் இருப்பது பதிவில் இல்லாத ஸ்க்ரூ என்பது இதனால் உறுதியாகிறது. அதைப் போட்டவர் யார் என்பதற்குப் பதிவு இல்லை. "பொருத்தும் கட்டத்தில் பதிவு செய்யப்படாத மாற்றம் ஒன்று நடந்திருக்கக்கூடும்" என்று கூட்டத்தில் தெரிவிக்க உத்தேசம்.

உதவிக்கு நன்றி.

அண்ணி


ஏப்ரல் 1

அண்ணிக்கு,

நடந்திருக்கக்கூடுமாம். அந்த ஸ்க்ரூ தானாக எழுந்து நடந்து வந்து துளைக்குள் உட்கார்ந்துகொண்டதா?

நீங்கள் கூட்டத்தில் அப்படிச் சொன்னால் என்ன நடக்கும் என்று நானே சொல்கிறேன். யாராவது ஒருவர் செக்லிஸ்டைக் கேட்பார். நாலாவது கட்டத்தில் என் கையெழுத்து இருக்கும். அதே தேதியில் ஹேர்பின் ரிப்போர்ட்டும் இருக்கும். "ஓ, அந்தப் பொண்ணா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். இதுவரை ஒரு ஹேர்பின்தான் என் தலையில் இருந்தது. இனிமேல் இரண்டாம் தட்டு, இரண்டு வருட அளவுகள், புது விண்கலத்தின் பாதை எல்லாம் என் தலையில். அதற்கப்புறம் எந்தப் பட்டறையும் என்னை வாசல்படி ஏற விடாது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பேசினார். மருந்துக் கடையில் நிற்கும்போதே கூப்பிட்டார், குரலே சரியில்லை. "அவ சாப்பிட மாட்டேங்கறா. கேட்டா, ஒண்ணுமில்லங்கறா. அந்தக் கடுதாசில அப்படி என்னதான் எழுதின?" என்றார். நான் ஒரு ஸ்க்ரூவைத் தவிர வேறு எதுவும் அனுப்பவில்லை என்றேன். அவருக்குப் புரியவில்லை.

எனக்குக் கொஞ்சம் புரிகிற மாதிரி இருக்கிறது. நான் போன பிறகு பொருத்தும் ஆட்கள் யாரும் அந்தக் கீல் பக்கம் போகவில்லை. அன்றைக்கு என்னோடு வேலை செய்தவர்களிடம் விசாரித்துவிட்டேன். கடைசிப் பார்வையிடலுக்கு உள்ளே போனது ஒரே ஒரு ஆள்.

அண்ணி, நீங்களா?

குருவி


ஏப்ரல் 6

குருவிக்கு,

நான்தான்.

மூன்று மணிக்கு டார்ச்சோடு உள்ளே போனேன். நாலு மணிக்குக் கலத்தை ஏற்றிப்போக லாரி. நாலாவது துளை காலியாக இருந்தது. செக்லிஸ்டில் உன் கையெழுத்து இருந்தது. வேலை செய்யாமல் கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறாள் என்று எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தில்தான் எல்லாம் நடந்தது. உன்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும், லாரியை நிறுத்தியிருக்க வேண்டும். காலையில் உன்னை வெளியே அனுப்பிவிட்டு மாலையில் உன்னையே கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

மேசையில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்றில் ஸ்க்ரூக்கள் இருந்தன. அளவு சரியாக இருந்தது. டைட்டானியம் என்று நினைத்தேன். பக்கத்தில் கிடந்த ஸ்க்ரூடிரைவரால் முறுக்கினேன். அது கலத்துக்கு மரப்பெட்டி அடிக்கிறவர்களுடையது, நுனியில் காந்தம் வைத்தது. பெட்டியும் அவர்களுடையதுதான், சாதாரண இரும்பு ஸ்க்ரூ. ஊரில் உள்ள எல்லார் தலையையும் சோதித்த நான் என் கையில் இருந்ததைச் சோதிக்கவில்லை.

அன்று மாலை உன் போன் வந்தது. திட்டத்தான் கூப்பிடுகிறாய் என்று எடுக்கவில்லை.

இவ்வளவு நாள் இது நினைவில் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நினைவில் இருந்தது. முதல் கடிதத்தில் உன்னிடம் கேட்டேனே, நாலையும் நீதான் போட்டாயா என்று. "ஆமாம், நாலும் டைட்டானியம்" என்று நீ எழுதிவிட மாட்டாயா என்று ஆசைப்பட்டுத்தான் கேட்டேன். எழுதியிருந்தால் அதைக் கொண்டுபோய்க் கூட்டத்தில் வைத்துவிட்டு, என் தட்டோடு நிம்மதியாக இருந்திருப்பேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

நேற்று அதே மாதிரி ஸ்க்ரூ ஒன்றைத் தேடிப் பிடித்தேன். அதே மாதிரி ஸ்க்ரூடிரைவரால் முறுக்கி, உபரியாக இருக்கும் காந்தமானியிலிருந்து அதே தூரத்தில் வைத்து அளந்தேன். ஐந்து முறை. மூன்றரைக்கும் நாலரைக்கும் நடுவில்தான் வந்தது, ஐந்து முறையும்.

இரண்டாம் தட்டு இல்லை, குருவி. எனக்கு வயது ஐம்பத்திமூன்று. நான் கண்டுபிடித்தது என்று சொல்ல அது ஒன்றுதான் இருந்தது. அதைக் கூட்டத்தில் சொல்ல வேண்டும் என்று தெரிகிறது. எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

அண்ணி


ஏப்ரல் 11

அண்ணிக்கு,

படித்தேன். ஒரு மணி நேரம் உங்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பக்கத்து அறை நர்ஸ் வந்து, "யாருக்கு என்னாச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனாள். இப்போது பரவாயில்லை.

நீங்கள் எழுதியதற்கு நானும் ஒன்று எழுத வேண்டும். ஹேர்பின் எனக்குத் தெரியாமல் இருக்கவில்லை. காலையில் ரப்பர் பேண்ட் அறுந்துவிட்டது. நேரமாகிவிட்டது என்று ஹேர்பினைச் செருகினேன். வாசலில் கண்ணாடியைப் பார்த்தபோதும் தெரிந்தது. ஒரு ஹேர்பின், அதுவும் தொப்பிக்குள், யார் பார்க்கப் போகிறார்கள் என்று போனேன். ஏழு வருடமாக எல்லாரிடமும் "மறந்துபோய்" என்று சொல்லி வருகிறேன். மறக்கவில்லை. ஆகவே அந்த வரியை எடுங்கள் என்று இனிக் கேட்க மாட்டேன்.

ஆனால் அத்தனை பேர் முன்னால் சொல்லாமல் ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அந்தக் கோபம் இருக்கிறது.

எப்படிச் சொல்வது என்று கேட்டீர்கள். "நான் போட்டேன்" என்று சொல்லுங்கள். இரண்டே வார்த்தை. "நடந்திருக்கக்கூடும்", "தெரிவிக்க உத்தேசம்" எல்லாம் வேண்டாம். உங்கள் தட்டு போகும், அது எனக்குத் தெரியும். பதினான்கு மாதம் உட்கார்ந்த வேலை கையை விட்டுப் போவது எப்படி இருக்கும் என்று எனக்கும் கொஞ்சம் தெரியும். ஆனால் நீங்கள் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லாவிட்டால் என் பேரும் பிழைப்பும் போய்விடும்.

சாப்பிடுங்கள். அண்ணன் தினமும் போன் செய்து என் உயிரை எடுக்கிறார்.

குருவி


ஏப்ரல் 22

குருவிக்கு,

கூட்டம் முடிந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

என் முறை வந்ததும் மாடலின் படத்தைத் திரையில் போட்டேன். முதலில் இரண்டு தட்டோடு, அடுத்து ஒரு தட்டோடு. பிறகு உன் டைட்டானியம் ஸ்க்ரூவையும் நான் அளந்த இரும்பு ஸ்க்ரூவையும் மேசைமேல் வைத்தேன். "கீலின் நாலாவது ஸ்க்ரூவை நான் போட்டேன். அது இரும்பு. இரண்டாம் தட்டு என்று நான் எழுதியது அந்த ஸ்க்ரூவைத்தான்" என்றேன். நீ சொன்ன இரண்டு வார்த்தையை விடக் கொஞ்சம் கூடிவிட்டது.

தலைவர் இரும்பு ஸ்க்ரூவை எடுத்து உருட்டிப் பார்த்தார். பின்வரிசையில் ஒருவர், "செக்லிஸ்ட்ல வேற கையெழுத்து இருக்கே?" என்றார். கையுறை விஷயத்தைச் சொன்னேன். பொருத்துபவர்கள் இரண்டு பேர் எழுந்து, "நாங்களும் அப்படித்தாங்க போடுவோம்" என்றார்கள். தலைவருக்கு அதுதான் ஸ்க்ரூவை விட அதிர்ச்சி. இனிமேல் ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் பக்கத்தில் இன்னொருவர் நின்று பார்த்து, அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று அங்கேயே விதி எழுதினார்கள்.

பாதையை மாற்றப் போகிறார்கள். கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டேன். மாடல் குழுவின் பொறுப்பு என்னிடம் இருக்காது. ஒரு தட்டு மாடல் பழையபடி வேலை செய்கிறது. மூன்றே முக்கால் நானோடெஸ்லாவைக் கழித்துவிட்டால் மிச்சம் கிட்டத்தட்ட பூஜ்யம். புதிதாக வந்தவர்கள் யார் வேண்டுமானாலும் நாலு மாதத்தில் அதைச் செய்துவிடுவார்கள்.

உன் ஃபைலில் ஹேர்பின் வரி இருக்கிறது. அதற்குக் கீழே, நாலாவது ஸ்க்ரூவுக்கும் உனக்கும் சம்பந்தமில்லை, அதைப் போட்டது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அத்தனை பேர் முன்னால் நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. உன்னை ஓரமாகக் கூப்பிட்டிருக்க வேண்டும். மன்னித்துக்கொள்.

வீட்டில்தான் இருக்கிறேன். சாப்பிடுகிறேன்.

அண்ணி


மே 30

அண்ணிக்கு,

புது விண்கலத்துக்குக் கை செய்கிற பட்டறையில் இன்டர்வியூ. நாலாவது தடவை. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஃபைலைப் புரட்டினார்கள், உங்கள் இரண்டு வரியையும் படித்தார்கள். ஹேர்பின் பற்றிக் கேட்டார்கள். தெரிந்தேதான் போனேன் என்று சொன்னேன். பிறகு ஒரு கீலைக் கொடுத்துக் கழற்றிப் பொருத்தச் சொன்னார்கள்.

வேலை கிடைத்துவிட்டது. மருத்துவமனையில் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து ஒரு மூச்சு அழுதேன்.

விஷயம் அது இல்லை. அந்தப் புது விதி இங்கேயும் வந்துவிட்டது. பக்கத்தில் நின்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிற ஆளைப் பொருத்துகிறவரே கேட்கலாமாம். மேலாளர் என்னிடம் பெயர் கேட்டார். உங்களைச் சொன்னேன்.

"அவங்களா? அவங்கதானே உங்கள வெளிய அனுப்பினது?" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

"அந்த ஸ்க்ரூவைப் போட்டதும் அவங்கதானே?"

"அதையும் அவங்களேதான் எழுதிக் குடுத்தாங்க. நாத்தனாரையும் விடல, தன்னையும் விடல. அப்படி இன்னொரு ஆள் உங்ககிட்ட இருந்தா சொல்லுங்க, அவங்களயே வெச்சுக்கறேன்" என்றேன். அவர் உங்கள் பெயரை எழுதிக்கொண்டார்.

கோபம் முழுசாகப் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அது தனியாக இருக்கிறது, வருகிறபோது வரும். வந்தால் உங்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். ஆனால் நான் முறுக்குகிற ஸ்க்ரூவைப் பார்க்க, தப்பு என்றால் தப்பு என்று சொல்ல, எனக்கு நீங்கள் வேண்டும்.

ஜூன் 10, காலை எட்டரை மணி. முதல் கீல், ஆறு ஸ்க்ரூ. வருகிறீர்களா என்று எழுதுங்கள். வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள், எனக்கு அது பிடிக்காது.

குருவி